கோபத் தடம்

செங்கோடனுக்குக் கோபம் வந்தால்தான் பேச்சு வரும். மூளையில் அடைப்பு ஏற்பட்டுப் பேச்சிழந்துபோன மனிதருக்கு, கோபம் பிறக்கும் இடத்திலிருந்து பேச்சு பிறக்கும் இடத்துக்குப் புதிதாக ஒரு தடம் போட்டுவிட்டார்கள். வேறெந்த இடத்திலிருந்தும் தடம் பிடிக்கவில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அன்றிலிருந்து அவர் மனைவி பூவாத்தாள் தினமும் வம்பு வளர்த்தாள். ரசத்தில் உப்புப் போதுமா என்று தெரிந்துகொள்ளக்கூட, "உங்களுக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்குதுங்களா?" என்று சீண்டியாக வேண்டும். முன்பெல்லாம் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள் அவள்.

இன்று பூவாத்தாளுக்கு இருதய ஆபரேஷன். உள்ளே தள்ளிக்கொண்டு போகும் நேரத்தில் செங்கோடன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். உதடு அசைந்தது, கண் நிறைந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. மனதில் இருந்தது கோபமில்லையே.

அவர் சொல்ல வந்ததைக் கேட்காமல் உள்ளே போக அவளுக்கு மனமில்லை.

"நான் திரும்பி வராட்டி உங்கக்கா அடுத்த மாசமே வேற பொண்ணு பாத்துருவாங்க. நீங்களும் புது வேட்டி கட்டிட்டுக் கிளம்பீருவீங்க. எனக்குத் தெரியாதுங்களா?"

செங்கோடனின் முகம் சிவந்தது.

"வாய மூடு புள்ள! நீ இல்லாத ஊட்ல எனக்கென்னடி வேலை? மரியாதையா வந்து சேரு!"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. "ஏனுங்கய்யா, ஆபரேஷனுக்குப் போறவங்களைத் திட்டுவாங்களா?" என்று நர்ஸ் அதட்டினாள்.

பூவாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"விடு கண்ணு. இன்னுங் கொஞ்சம் திட்டட்டும்."