பட்டியலில் நம்பர் இல்லை

"லிஸ்ட்ல உன் நம்பரே இல்ல."

அறிவிப்புப் பலகையை மேலிருந்து கீழாக நாலாவது தடவை பார்த்துவிட்டு அவன் சொன்னான். நாளைக் காலை கணக்குப் பரீட்சை. அவள் படிப்பது என்னவோ வரலாறுதான். ஆனால் அந்தக் கல்லூரியில் யாராக இருந்தாலும் ஒரு கணக்குத் தாளாவது தேறியாக வேண்டும். இல்லாவிட்டால் பட்டம் கிடையாது. அவளுக்கு இது கடைசி வருஷம்.

அவளோ அசையவில்லை. "சரி விடுங்க, அடுத்த தடவை பாத்துக்கலாம்," என்றாள்.

கணிதத்தில் ஆராய்ச்சி செய்யும் அவனுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஐந்து மாதமாக நூலகத்து மூலை மேசையில் அவளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பவன் அவன். மற்ற மாணவிகள் எல்லாம் அவனை வாய் நிறைய அண்ணா என்பார்கள். இவள் மட்டும் வாங்க, போங்க என்று மொட்டையாகப் பேசுவாள். அதிலேயே ஆள் பாதி கவிழ்ந்துவிட்டான்.

பாடம் முடிந்தால் இவள் வரமாட்டாளே என்று, மூன்று நாளில் நடத்த வேண்டிய நிகழ்தகவை மூன்று வாரம் ஜவ்வாக இழுத்தான். புரியவில்லை, இன்னொரு தடவை என்று அவளும் கேட்டது அவனுக்கு வசதியாகப் போயிற்று. பாடம் முடியாத பயத்தில்தான் விண்ணப்பமே போடாமல் விட்டிருக்கிறாள் என்று இப்போது தோன்றியது. தன் ஆசைக்கு அவள் பட்டத்தைப் பலி கொடுத்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டான்.

"அஞ்சு மணி வரைக்கும் ஆபீஸ் இருக்கும். கையில கால்ல விழுந்தாவது உன் நம்பரைச் சேர்க்கச் சொல்றேன்."

அப்போதுதான் அவள் முகம் மாறியது. "அங்கெல்லாம் போகாதீங்க," என்று அவன் பையைப் பிடித்து இழுத்தாள். அவன் கேட்கவில்லை. படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினான்.

பரீட்சைப் பிரிவில் எழுத்தர் அம்மா வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவன் மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினான். அவள் மேல் தப்பில்லை, பாடத்தை முடிக்காதவன் நான்தான், எப்படியாவது அவளை எழுத விடுங்கள் என்று கெஞ்சினான்.

அவர் முணுமுணுத்துக்கொண்டே கம்ப்யூட்டரைத் திரும்பவும் போட்டு, அவள் எண்ணைத் தட்டினார். திரையைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டு அவனைப் பார்த்தார்.

"இவ எதுக்குத் தம்பி நாளைக்கு எழுதணும்? முதல் வருஷமே எழுதி முடிச்சிட்டா. நூத்துக்குத் தொண்ணூத்தாறு."

ஓடிவந்த செருப்புச் சத்தம் ஒன்று வாசலில் வந்து சட்டென்று நின்றது.

எழுத்தர் அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டார். "அஞ்சு மாசமா நீ கணக்கு சொல்லிக் குடுத்திருக்கே. அவ உன்னைக் கணக்கு பண்ணியிருக்கா."