நல்ல இடம்

"இந்த வீட்டுல தைக்கத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான். அப்போ இது யார் வேலை?"

வீட்டுக்கார அம்மா தன் பூனை பட்டுவை மல்லாக்கப் பிடித்து நீட்டினாள். அதன் வயிற்றில் ரோமத்தை மழித்திருந்தார்கள். நடுவே சின்னதாக ஒரு தையல்.

கீழ்ப் போர்ஷனில் குடியிருக்கும் தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

"அய்யோ, அப்படிப் பிடிக்காதீங்கம்மா. அதுக்கு வலிக்கும்."

"பேச்சை மாத்தாதே. ரெண்டு நாள் தங்கச்சி வீட்டுல இருந்துட்டு இப்பத்தான் உள்ளே நுழையறேன். இன்னும் பையைக்கூடப் பிரிக்கலை. அதுக்குள்ள பட்டு வயித்துல தையல்!"

"நான் துணிக்குத்தான்மா தைப்பேன். இதைப் பாருங்க, முடிச்செல்லாம் வெளியில துருத்திக்கிட்டு நிக்குது. என் தையல் இப்படி இருந்தா நீங்க துணியை மூஞ்சியிலேயே விட்டெறிய மாட்டீங்களா?"

வீட்டுக்காரர் மாடிப்படியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே பளிச்சென்றுதான் இருந்தது.

"என்ன, கிண்டலா? டாக்டர் போட்ட தையல்தான்னு எனக்கும் தெரியும். குட்டி போடாம இருக்கப் பண்ற ஆபரேஷன்தானே இது? போன தடவை பட்டு குட்டி போட்டப்பவே இதுக்கு ஆபரேஷன் பண்ணிடலாம்னு என் காதைக் கடிச்சவ நீதானே?"

"ஆமாம்மா, சொன்னேன்."

"உன் துணிக்கூடை பூரா அதோட ரோமம் ஒட்டிக்கிட்டிருக்கு. அதுலதானே தூக்கிட்டுப் போனே?"

தையல்காரி ஒரு கணம் மாடிப்படியைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"கூடை என்னுதுதான்மா."

வீட்டுக்கார அம்மாவுக்கு அது போதும். நீதிமன்றமே அவள் கையில் வந்துவிட்ட மாதிரிதான்.

"ஒரு தாய் வயித்துல கை வைக்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு? நீயும் ஒரு பொண்ணைப் பெத்தவதானே? இந்த மாசத்தோட வீட்டைக் காலி பண்ணிடு."

தையல்காரி தன் மெஷினைத் திரும்பிப் பார்த்தாள். மகளின் பள்ளிக்கூடம் அடுத்த தெருவில். தைக்கக் கொடுப்பவர்களுக்குத் தெரிந்த வாசலும் இது ஒன்றுதான். போக வேண்டுமென்றால் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அப்போதும் அவள் யாரையும் கை காட்டவில்லை.

"ஆபரேஷன் அதுக்கு நல்லதுதான்மா," என்றாள் மெதுவாக. "கர்ப்பப்பையில சீழ் பிடிக்கிற வியாதி இனிமே வராதாம். ஜோடி தேடிக் கத்திக்கிட்டு சுவர் ஏறிக் குதிக்காது, வண்டியில அடிபடாது. போன தடவை பால் குடுத்துக் குடுத்தே எலும்பும் தோலுமாப் போச்சே, நீங்களும் பார்த்தீங்கல்ல?"

"பெத்தவன்னா அப்படித்தான் இருப்பா. குட்டிங்களை நான் என்ன தெருவுலயா விட்டேன்? பொண்ணைக் கட்டிக் குடுக்கற மாதிரி, ஒவ்வொண்ணையும் நல்ல இடமாப் பார்த்து அனுப்பியிருக்கோம். இவரே கைப்பையில வச்சுப் பத்திரமாக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வருவார். ஏங்க, சும்மா உக்காந்திருந்தா எப்படி? நீங்களே சொல்லுங்க. எல்லாம் நல்ல இடம்தானே?"

வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"பட்டுவை டாக்டர்கிட்ட கொண்டுபோனது நான்தான்."

"நீங்களா?"

"நான்தான். இந்தப் பொண்ணு கூடையைக் குடுத்துச்சு, துணைக்குக் கூட வந்துச்சு. வர்ற வழியில மயக்கம் தெளியாம தலை தொங்கிச்சேன்னு பட்டுவை மடியில வச்சுக்கிச்சு. அவ்வளவுதான் அது பண்ண தப்பு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, அதுவும் நான் ஊர்ல இல்லாத நேரம் பார்த்தா?"

"சொல்லியிருந்தா நீ விட்டிருக்க மாட்டே. நல்ல இடம் இருக்கேன்னு சொல்லியிருப்பே." அவர் கண்ணாடியை மடக்கிச் சட்டைப்பையில் வைத்தார். "அப்படி ஒரு இடமே கிடையாது. முதல் தடவை வீடு வீடாக் கேட்டேன். எல்லாரும் ஆசையாத் தடவிக் குடுத்தாங்க, அப்புறம் கதவைச் சாத்திக்கிட்டாங்க. வேற வழி தெரியாம மார்க்கெட் பின்னாடி விட்டுட்டு வந்தேன். அதுக்கப்புறம் கேட்கறதையும் விட்டாச்சு, நேரா மார்க்கெட்தான். போன தடவை மனசு கேட்காம மறுநாள் பால் கொண்டுபோனேன். பாலைக் குடிக்க ஒரு குட்டிகூட உயிரோட இல்லை."

பட்டு வீட்டுக்கார அம்மாவின் கையிலிருந்து மெல்ல நழுவி இறங்கி, தையல்காரியின் வெட்டுத்துணிக் குவியலில் போய்ச் சுருண்டு படுத்தது.

"நீயாவது சொல்லியிருக்கலாமே," என்றாள் வீட்டுக்கார அம்மா, தையல்காரியைப் பார்த்து. "காலி பண்ணுன்னு சொன்னப்பகூட வாயை மூடிக்கிட்டு நின்னியே."

"யாருன்னு சொன்னா ஏன்னும் சொல்லணுமேம்மா. குட்டிங்க கதை தெரிஞ்சா உங்களுக்குத் தாங்காதுன்னு சார் சொன்னார்."

வீட்டுக்கார அம்மா படியில் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தையல் எப்போ பிரிக்கணுமாம்?"

"அடுத்த வாரம்மா."

"அந்தக் கூடையை எடுத்து வை. நானே கூட்டிட்டுப் போறேன். நீயும் கூட வா. காலி பண்றதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்."

வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி அவள் பக்கம் திரும்பினார்.

"இத்தனை நாளா உன்னை ஏமாத்திட்டேன்."

"நீங்க எங்க ஏமாத்தினீங்க?" அவள் தலை நிமிரவில்லை. "பொண்ணைக் கட்டிக் குடுத்தவ எந்த ஊர், எந்தத் தெருன்னு கேட்காம இருப்பாளா? கேட்டா நீங்க சொல்லிடுவீங்களேன்னுதான் நான் ஒரு தடவைகூடக் கேட்கலை."