அணையாத சூடம்

சொர்ணத்தின் வலது கை சூடத்துக்கு மேலே வந்து நின்றது. உள்ளங்கையால் ஒரே அமுக்கு அமுக்கினால் முடிந்தது வேலை. கை இறங்கவில்லை.

"அணைம்மா," என்றார் பூசாரி துலுக்கானம்.

மண்ணூர்பேட்டைச் செல்லியம்மன் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வது என்ன விளையாட்டுக் காரியமா? பொய்ச் சத்தியம் செய்தவனை ஆத்தா ஒன்றும் செய்ய மாட்டாள். அவன் வம்சத்தைத்தான் காவு கேட்பாள். அப்படி அணைத்துவிட்டுப் போன ஒரு லாரிக்காரர் வீட்டில் அதற்குப் பிறகு தொட்டிலே கட்டவில்லை என்று அந்தத் தெருவில் இன்றைக்கும் சொல்வார்கள்.

காணாமல் போனது மாமியார் கமலத்தின் இரட்டை வடச் சங்கிலி. அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருந்தது. புருஷனைப் பறிகொடுத்து, பிள்ளையும் இல்லாமல், மாடிப்படிக்குக் கீழே பாய் விரித்துப் படுக்கிற மூத்த மருமகள் சொர்ணத்தைத் தவிர வேறு யார் மேல் பழி விழும்? அவள் புருஷன் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் மெஷின் ஓட்டிக் கட்டிய வீடுதான் அது. அவளும் கூடவே நின்று செங்கல் சுமந்தாள். அதெல்லாம் இப்போது யாருக்கு ஞாபகம்.

சூடம் அணைக்கும் யோசனை கமலத்துடையது. மூத்தவள் என்பதால் முதலில் சொர்ணம், அப்புறம் இளைய மகன் வேம்புலி, கடைசியில் அவன் மனைவி கவிப்பிரியா என்று வரிசையைக்கூட அவளே போட்டுவிட்டாள். யார் கை பின்வாங்குகிறதோ அவர்தான் குற்றவாளி, தட்டு அதோடு உள்ளே போய்விடும். அண்ணியைப் போய்க் கோயிலில் நிறுத்துவதா, வேண்டாம் என்று தடுத்துப் பார்த்தவன் வேம்புலி ஒருவன்தான்.

சொர்ணமோ சந்தோஷமாகத் தலையாட்டினாள். வருஷக்கணக்காக அந்த வீட்டில் பால் திரிந்தாலும் அவள்தான் காரணம், மோட்டார் ரிப்பேரானாலும் அவள்தான் காரணம். அவள் சொன்ன எதையும் ஒருவரும் நம்பியதில்லை. இன்றைக்கு ஆத்தாவே அவள் பக்கம் நின்று சொல்லப் போகிறாள். விடிந்ததும் தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலோடு முதல் ஆளாகக் கோயில் வாசலுக்கு வந்தவள் அவள்தான்.

அப்படி வந்தவளுக்குத்தான் இப்போது கை இறங்கவில்லை.

சொர்ணம் நிமிர்ந்து எதிரே நின்ற கொழுந்தனைப் பார்த்தாள். வேம்புலி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவள் பார்வை பக்கத்தில் நின்ற கவிப்பிரியாவின் நிறைமாத வயிற்றில் போய் விழுந்தது. விழுந்த கண்ணை அவள் எடுக்கவே இல்லை.

கவிப்பிரியாவுக்குப் பகீரென்றது. வளைகாப்பு வளையல்கள் குலுங்க முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். அவளை மறைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள் கமலம்.

"இன்னாடி அங்க மொறைக்கிற? சூடத்தப் பாரு."

கருவறையில் ஒற்றை விளக்கு எரிந்தது. ஆத்தாவின் வெள்ளிக் கண்கள் இரண்டும் நேராக வெளியே பார்த்துக்கொண்டிருந்தன. சொர்ணம் அந்தக் கண்களை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

"நான் அணைக்கல. எதுன்னாலும் ஆத்தாவுக்குத் தெரியும்."

கூட்டம் உச்சுக் கொட்டியது. பூசாரி தட்டை உள்ளே கொண்டுபோய்விட்டார்.

அப்புறம் கமலத்தின் வாயைக் கேட்க வேண்டுமா? வீடு வரைக்கும் காறித் துப்பிக்கொண்டே வந்தாள். பிள்ளை பிறக்கப்போகிற வீட்டில் இந்தக் கண் இருக்கக் கூடாது, இப்போதே கிளம்பு என்று சொர்ணத்தின் துணிப்பையைத் தூக்கித் தெருவில் போட்டாள். சொர்ணம் அழுதுகொண்டே பையை எடுத்துக்கொண்டாள். பருத்திப்பட்டில் இருக்கும் அவள் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதாக வேம்புலி தன் ஆட்டோவை எடுத்தான்.

வழியெல்லாம் அவன் கண்ணாடியில் அவளைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக ஓட்டினான். பருத்திப்பட்டு ஏரிக்கரை வந்ததும், வெயிலில் ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து வண்டியை ஓரங்கட்டினான். அக்கா வீட்டுக்கு இன்னும் தூரம் இருந்தது.

இறங்கி வந்தவன், அவள் வெளியே வர முடியாதபடி இரண்டு கையாலும் வழியை மறித்து நின்றான். சட்டை வேர்வையில் உடம்போடு ஒட்டியிருந்தது. ஆத்தா, நீதான் துணை என்று சொர்ணம் பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"நீ எடுக்கல அண்ணி. அது எனக்கு நல்லாத் தெரியும்," என்றான் வேம்புலி. "பின்ன இன்னாத்துக்கு அணைக்காம உட்ட?"

சொர்ணத்துக்கு அதுவரை இருந்த பயம் போய்விட்டது. பையை மடியில் இறக்கி வைத்தாள்.

"நான் அணைச்சிருந்தா, தட்டு அடுத்து உன்னாண்டதான வந்துருக்கும், நைனா."