இருபத்து மூன்றாவது கேள்வி

"நர்சு படிப்பா? படிக்க மாட்டேன்னு அவளே சொல்லிட்டா."

சட்டைக் காலரில் மாட்டியிருந்த மைக்கைக் குனிந்து பார்த்துச் சொன்னார் ஃபோர்மேன். எதிரே உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்துச் சொல்லவில்லை.

பச்சைப் பொய். எண்பத்து நாலு வயதில், கொஞ்சமும் கூசாமல் சொன்ன பொய்.

பஸ் டிப்போவில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்கு அதுதான் பெயர். பெற்ற பிள்ளைகளும் அவர் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொல்வார்கள்.

அவருடைய வாழ்க்கைக் கதையைப் பதிவு செய்து வைக்க வேண்டும், இனி வருகிற பிள்ளைகள் அதைக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டவன் அவளுடைய தம்பி. தூர தேசத்தில் உட்கார்ந்துகொண்டு எதற்கு வேண்டுமானாலும் ஆசைப்படலாம். ஒலிப்பதிவு செய்கிறவரை ஏற்பாடு செய்துவிட்டு, இருபத்திரண்டு கேள்விகளை டைப் செய்து அனுப்பினான். எதிரே உட்கார்ந்து கேட்கிற வேலை அக்கா தலையில் விழுந்தது.

இருபத்து மூன்றாவது கேள்வியை அவளே பேனாவால் எழுதிச் சேர்த்தாள். மகள் ஏன் நர்சிங் படிக்கவில்லை?

அந்த ஒன்றுக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். இரண்டு மணி நேரம் இன்ஜின் புராணம். எந்த வண்டியில் எது உடைந்தது, எந்த அதிகாரியின் வாயை எப்படி அடைத்தார், எல்லாம் வந்தது. ஆறு வருடம் முன்பு செத்துப்போன மனைவியைப் பற்றிக் கேட்டபோது, "நல்லா சமைப்பா" என்றார். அதோடு சரி.

மகளுக்குப் பதினெட்டு வயதில் நர்சிங் கல்லூரியிலிருந்து சேர்க்கைக் கடிதம் வந்தது. மறுநாள் துண்டு துண்டாகக் குப்பைக் கூடையில் கிடந்தது. அப்பா கோபத்தில் கிழித்துவிட்டார் என்று சொல்லி அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஃபோர்மேனோடு மகள் முகம் கொடுத்துப் பேசியது அன்றோடு நின்றது. மாத்திரை போட்டாச்சா, சாப்பிட்டாச்சா, அவ்வளவுதான். நாற்பது வருடம்.

நர்ஸாகப் போயிருக்க வேண்டியவள், ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் நர்சுகளின் உடுப்பை மடித்து அடுக்கிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது அவள் மகளுக்கு ஏழாம் மாதம். வரப்போகிற பிள்ளை ஒரு நாள் இந்தப் பதிவைக் கேட்கும். நம் பாட்டிக்குப் படிப்பு ஏறவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும்.

"உண்மையைச் சொல்லுங்க" என்றாள்.

"அதான் சொல்லிட்டேனே."

ஒலிப்பதிவுக்காரர் ஹெட்போனைக் கழற்றாமல் கையை உயர்த்தினார். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ அப்பாக்களைப் பார்த்த மனிதர். கேள்விகள் முடிந்தன, இனி ஒரு நிமிடம் யாரும் வாய் திறக்க வேண்டாம் என்றார். வெட்டி ஒட்டுகிற இடங்களை நிரப்புவதற்கு அறையின் வெறும் சத்தம் வேண்டுமாம்.

ஃபோர்மேனுக்கு இது புரியவில்லை. அவர் கணக்கில், இன்ஜின் நின்றால் வண்டி நின்றது. பேச்சு இல்லையென்றால் பதிவும் இல்லை.

மின்விசிறி சுற்றியது. ஃப்ரிட்ஜ் முனகியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

அரை நிமிடம் போயிருக்கும். ஃபோர்மேன் அவள் பக்கம் சாய்ந்தார்.

"நான் கிழிக்கலடி. உங்கம்மாதான் கிழிச்சா. நீ ஹாஸ்டலுக்குப் போயிட்டா, சின்னப் பையன வெச்சுக்கிட்டு எங்கூட இந்த வீட்ல இருக்க பயமா இருக்குன்னா. நாப்பது வருஷமா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரிஞ்சியே, என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஜெயித்துவிட்ட முகம். தான் என்ன சொன்னோம் என்பதே அவருக்கு உறைக்கவில்லை.

அவளுக்கு உறைத்தது. அவள் வீட்டில் இருக்கும்போது அம்மா மேல் அவர் கை ஓங்கியதில்லை. அவள் பள்ளிக்கூடம் போய்த் திரும்பும் சில நாட்களில் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டே சோறு போடுவாள். அன்று கட்டிக்கொண்டு அழுதபோதும் அம்மாவின் பிடி வலித்தது.

அம்மா மேல் கோபம் வந்தது. முதல் தடவையாக, கண்மண் தெரியாமல் வந்தது. அதற்காக அவர் மேல் இருந்த கோபம் ஒரு துளியும் குறையவில்லை.

ஒலிப்பதிவுக்காரர் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"நடுவுல பேச்சு விழுந்துடுச்சு. இதை வெச்சுக்கட்டுமா, அழிச்சிடட்டுமா?"

"அது ஓடிக்கிட்டா இருந்துச்சு?" ஃபோர்மேனின் கை காலருக்குப் போனது.

அவள் கேட்ட உண்மை, அவர் வாயாலேயே வந்து, அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருந்தது. வைத்துக்கொண்டால் தலைமுறைக்கும் நிற்கும். கேட்கிறவர்கள் கிழித்தது யார் என்பதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். அம்மா பயந்தாள் என்பது யார் காதில் ஏறும்?

"அழிச்சிடுங்க" என்றாள்.

எழுந்து போய் அப்பாவின் காலரிலிருந்து மைக்கைப் பிடுங்கித் தன் உடுப்பில் மாட்டிக்கொண்டாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார்.

ஒலிப்பதிவுக்காரர் தலையசைத்ததும் அவள் பேசினாள்.

"எனக்குத்தான் போகப் பிடிக்கல. போ, போய்ப் படின்னு அம்மா எவ்வளவோ அழுதாங்க."