துளி எங்கேயும் போகவில்லை

ஒருவருடைய மூளைக்குள் ஒரு நீர்த்துளி குடியிருந்தது. அவரை ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்க வைத்த அன்று, இயந்திரம் வெளியிலிருந்து டக்டக்கென்று தட்டி, "துளியம்மா, இப்போ எங்கே இருக்கே?" என்று கேட்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் தட்டியது. "இப்போ எங்கே?"

துளிக்குச் சுருக்கென்றது. முன்பின் தெரியாத ஒருத்தன் நம் போக்குவரத்தை விசாரித்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

பக்கத்தில் புதிதாகக் குடிவந்திருந்த கட்டியின் செல் ஒன்று காதோரம் குனிந்தது. "வாயைத் திறக்காதே. வேவு பார்க்குது. நாங்க இத்தனை பேர் உன்னைச் சுத்தி நிக்கிறதே உன் பாதுகாப்புக்குத்தான்."

அந்தச் செல் வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஆனாலும் தெரிந்த முகமாயிற்றே!

"யாரையும் நான் காட்டிக்கொடுக்க மாட்டேன்!" என்று துளி வெளியே பார்த்துக் கத்தியது.

"யாரைப் பத்தியும் நான் கேக்கலையே. நீ எவ்வளவு தூரம் நடந்தேன்னுதான் கேட்டேன்."

"நடக்கவே இல்லை. முதல்ல நின்ன இடத்துலயேதான் நிக்கிறேன். போதுமா?"

"போதும். மத்த இடத்துத் துளியெல்லாம் இதுக்குள்ள எவ்வளவோ தூரம் போயிடுச்சு. நீ நகராம நிக்கிற இடத்தைக் குறிச்சுக்கிட்டேன்," என்று சொல்லிவிட்டு இயந்திரம் ஓய்ந்தது.

துளி சாமர்த்தியமாகப் பேசிவிட்ட திருப்தியோடு காலாற நடக்கத் திரும்பியது. செல்லின் முதுகில் முட்டியது. அந்தப் பக்கம் திரும்பினால் இன்னொரு முதுகு.

"கொஞ்சம் நகரேன்," என்றது துளி.

செல் நகரவில்லை. "எங்கே போகப்போறே?" என்று கேட்டது.

இயந்திரம் கேட்டபோது வராத நடுக்கம் அப்போதுதான் துளிக்கு வந்தது.