வலப்பக்கம் மூன்று கட்டம்

“எக்ஸிலிருந்து மூணைக் கழிச்சா வரைபடம் வலப்பக்கம்தான் நகரும். சரியா வரைஞ்ச என் பொண்ணை ஃபெயிலாக்கிட்டீங்களே!” கணக்கு டீச்சரின் மேசையில் விடைத்தாளை அறைந்தார் அப்பா.

“புத்தகத்துல இடப்பக்கம்னுதான் சார் இருக்கு. அதைப் பார்த்துதான் திருத்தினேன்.”

டீச்சர் புத்தகத்தைத் திறந்து காட்டினார். இடப்பக்கம் என்றே அச்சாகியிருந்தது.

அப்பாவுக்கு ரத்தம் கொதித்தது. “கண்ணை மூடிக்கிட்டு இதை அச்சுக்கு விட்ட மடையன் எவன்? புள்ளைங்க வாழ்க்கையோட விளையாடறானா? அவன் சீட்டைக் கிழிக்காம விடமாட்டேன்!”

“யாருன்னு நீங்களே பாருங்க,” என்று டீச்சர் முதல் பக்கத்தைப் புரட்டி நீட்டினார்.

பக்கத்தில் நின்ற மகள்தான் முதலில் படித்தாள். கோபத்துடன் புத்தகத்தை அப்பா பக்கம் திருப்பினாள்.

“பிழை திருத்தியவர்னு உங்க பேரும் உங்க அச்சகமும் போட்டிருக்குப்பா!”