கோத்தகிரியில் புழுக்கம்

சன்னல் இடுக்கில் திணித்திருந்த துணியை அவர் உருவினார்.

ஒன்றை மட்டும்.

காற்று உடனே வந்துவிட்டது. வெளியே காத்துக்கொண்டே நின்றிருக்கும் போல, சனியன்.

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். செண்பகவல்லி நாற்காலியில் கண்மூடிக் கிடந்தாள். குளிர் இன்னும் அவள்மேல் படவில்லை.

அந்தத் துணியைத் திணித்தவரும் அவர்தான். கார்த்திகை பூராவும் அவருக்கு வேறு வேலையே இல்லை. கோத்தகிரியில் எந்தக் காலத்திலோ வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன வீடு. மரமெல்லாம் சுருங்கி, கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் போகும். பழைய கம்பளியைக் கிழித்துக் கிழித்து அடைத்தார். மச்சுப் பலகைச் சந்துகளில் மைதாப் பசை காய்ச்சிக் காகிதம் ஒட்டினார். புகைபோக்கி வாயில் சாக்கைச் சுருட்டி ஏற்றினார். இங்கே அடைத்தால் அங்கே வரும். அங்கே அடைத்தால் தரைப்பலகை வழியாக வரும். மனுஷன் விடவில்லை. மகன் வாங்கி அனுப்பிய ஹீட்டரையும் போட்டார்.

எல்லாம் டாக்டர் சொன்ன ஒரு சொல்லுக்காக. நெஞ்சில் இன்னொரு தடவை சளி கட்டினால் இந்த உடம்பு தாங்காது, சூடு குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

பார்த்துக்கொண்டார்.

நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்த வீட்டில் வெதுவெதுப்பு தங்கியது. அப்படியொரு பெருமை அவருக்கு. பால்காரம்மாவைக் கூப்பிட்டு, நடு வீட்டில் நிற்கவைத்துக் காட்டினார்.

அன்றைக்குத்தான் செண்பகவல்லி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"என்னா புழுக்கம். அண்ணாச்சி, எங்க ஐயா கடையில இருந்து வந்துட்டாகளா?"

முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

மறதி வந்து ரெண்டு வருஷம் ஆகிறது. பேரப்பிள்ளைகளை மறந்தாள். அடுப்பில் வைத்ததை மறந்தாள். அவரை மட்டும் விட்டுவைத்திருந்தாள்.

இப்போது அதுவும் போயிற்று. கோவில்பட்டியில், பிறந்த வீட்டில், கல்யாணத்துக்கு முந்தின ஏதோ ஒரு சித்திரை மாசத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அங்கே அவர் கிடையாது. யாரோ ஒரு வயசான அண்ணாச்சிதான் உண்டு. மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. சோறு ஊட்டப் போனால் கூசிக்கொண்டு, அம்மா வரட்டும் என்பாள்.

ஒருநாள் அவரிடம் ரகசியமாகச் சொன்னாள். மலையில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை ஒருவரைப் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். அங்கே ஒரேயடியாகக் குளிருமாம். அண்ணாச்சி அவளைப் பெற்ற ஐயாவிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

சொல்கிறேன் தாயி என்றார்.

வேறு என்ன சொல்வார்?

பால்காரம்மா பின்கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போன அன்று அவருக்கு விஷயம் பிடிபட்டது. பனி உள்ளே வந்தது. அவள் உடம்பைக் குறுக்கிக்கொண்டு, ஏங்க, கதவை யாரு திறந்தது என்றாள்.

ஏங்க. அவரைப் பார்த்துத்தான்.

குளிர்ந்தால் கோத்தகிரி. சூடானால் கோவில்பட்டி.

டாக்டரிடம் சொல்லவில்லை. அவர் என்ன சொல்வார் என்று தெரியாதா? கதவை அடைத்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணாச்சியாகவே இருந்தார். இன்று மத்தியானம் முடியவில்லை.

காற்று அவள் காலைத் தொட்டிருக்க வேண்டும். பாதங்களை உள்ளே இழுத்துக்கொண்டாள். கை சால்வையைத் தேடியது. கண்ணைத் திறந்தாள்.

அவர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

"ஏங்க, அங்க என்ன செய்றீக? உங்களக் கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து நடுங்கிக்கிட்டுத்தான கெடக்கேன். அந்தச் சன்னலச் சாத்தக்கூடாதா?"

அப்பாடா.

கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன பேச்சு. முன்பெல்லாம் எரிச்சலாக வரும். இப்போது நாற்காலியை இழுத்து அவளை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். இன்னும் நாலு வார்த்தை திட்டமாட்டாளா என்றிருந்தது. அவள் திட்டவில்லை. சாப்பிட்டீகளா என்றாள். முகமெல்லாம் கறுத்துப்போய்க் கிடக்கே, உங்களை யாரும் கவனிக்கிறதில்லையா என்றாள்.

அழுதுவிட்டார்.

கொஞ்ச நேரம் இப்படியே போகட்டும் என்று நினைத்தார். இன்னும் கொஞ்ச நேரம்.

அவள் இருமினாள்.

ஒன்றுமில்லை, தொண்டைக் கமறல்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். மறுபடி இருமினாள். அது நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது. அவர் கைக்குள் இருந்த விரல்கள் சில்லிட்டுப்போய், நகங்கள் நீலம் பாரித்திருந்தன.

எழுந்தார்.

அவள் கையை விடவில்லை. எங்க போறீக என்றாள். சன்னலைச் சாத்திவிட்டு வருகிறேன் என்றார்.

"சாத்திட்டு இங்கனயே வந்து உக்காருங்க. தனியா இருக்கப் பயமா இருக்கு."

சரி என்றார்.

துணியை மடித்து இடுக்கில் வைத்து, கட்டைவிரலால் ஓரம் ஓரமாக அழுத்தினார். காற்று நின்றது. ஹீட்டரை அவள் பக்கம் திருப்பிவைத்தார். நடுக்கம் அடங்கி, அவள் முகத்தில் ரத்தம் ஊறி, சால்வை தோளிலிருந்து நழுவும்வரை நின்றுகொண்டே பார்த்தார்.

பிறகு அவள் பக்கத்தில் கிடந்த தன் நாற்காலியைச் சத்தம் வராமல் தூக்கிப்போய், வாசற்கதவு ஓரமாகப் போட்டு உட்கார்ந்தார்.

கல்யாணமாகாத பெண் தனியாக இருக்கும் வீடு.